மண் அரிப்பு: மழைத்துளியிலிருந்து கொட்டியாரக் குடா வரை – திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் மண் அரிப்பு என்று பேச்செடுத்தால் ஆளுக்கொரு விதமாகக் கேட்பார்கள். பன்குளத்து விவசாயிக்குக் கவலை மேட்டுக்காணி. மூதூர்க்காரருக்கு ஆற்றங்கரை. நிலாவெளியில் வீடு வைத்திருப்பவருக்குக் கடல். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைக்குச் சூத்திரம். இவை எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புள்ளவைதான். ஆனால் ஒன்று ஒரு நொடியில் நடக்கிறது, இன்னொன்று கோடி ஆண்டுகளில் நடக்கிறது. அந்த வேறுபாட்டை மனதில் வைத்தே கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

அறிக்கைகளில் ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்கள் வருகின்றன. எதை நம்புவது?

எண்ணைப் பார்க்கும் முன் இரண்டு விடயத்தைத் தேடுங்கள்: எவ்வளவு பரப்பில் அளந்தார்கள், எவ்வளவு காலம் அளந்தார்கள். இந்த இரண்டும் இல்லாத எண்ணை நான் கையில் எடுப்பதில்லை.

ஒரே மழையை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீற்றர் வெறும் நிலத்தில் அளந்தால், துளி அடித்துக் கிளப்பிய மண் முழுவதும் கணக்கில் வரும். ஒரு ஏக்கர் சரிவின் அடியில் தொட்டி வைத்து அளந்தால், அந்த மண்ணில் ஒரு பங்கு வழியிலேயே புல்லுக்குள்ளும் சிறு பள்ளங்களிலும் தங்கிவிட்டிருக்கும். கீழே உள்ள குளத்துக்கு வந்து சேர்ந்ததை அளந்தால் இன்னும் குறையும். ஆனால் இடையில் இடிந்து விழுந்த வாய்க்கால் கரையின் மண் அதில் புதிதாகச் சேர்ந்திருக்கும். ஆற்று முகத்தில் அளந்தால் அது நான்காவது எண். நான்கும் சரியான எண்கள். ஏக்கரில் அளந்ததை எடுத்து மாவட்டத்தின் பரப்பால் பெருக்கி, "இத்தனை ஆயிரம் தொன் மண் கடலுக்குப் போகிறது" என்று எழுதும்போதுதான் பிழை வருகிறது.

காலமும் அப்படித்தான். வறண்ட ஓர் ஆண்டில் அளந்தவருக்கு மண் அரிப்பே இல்லை. புயல் வந்த ஆண்டில் அளந்தவருக்கு நாடே கரைந்து போகிறது.

ஒரு மழைத்துளியால் அப்படி என்னதான் செய்துவிட முடியும்?

பெரிய துளி ஒன்று, அதாவது 5 மில்லிமீற்றர் அளவுள்ளது, நிலத்தைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 9 மீற்றர் வேகத்தில் வருகிறது. மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல். அந்த வேகத்தில் அடிபட்டால் மண் கட்டி உடைந்து துகள்கள் நாலாபக்கமும் தெறிக்கும். இரண்டடி உயரம்வரை எழும்பும்.

இதைப் பார்க்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மாரி தொடங்கி ஒரு நல்ல மழை பெய்து விட்ட பிறகு, தாழ்வாரம் இல்லாத பக்கத்துச் சுவரைப் பாருங்கள். வெள்ளையடித்த சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும். புல் வளர்ந்த பக்கத்துச் சுவரில் அந்தக் கறை மிகக் குறைவு. பிறகு குனிந்து வெறும் முற்றத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சின்னக் கல்லும் ஒரு மண் தூணின் மேல் குந்தியிருப்பது தெரியும். கல் குடைபோல் நின்று தனக்குக் கீழே இருந்த மண்ணைக் காப்பாற்றியிருக்கிறது, சுற்றியிருந்த மண் போய்விட்டது. அந்தத் தூணின் உயரம் எவ்வளவோ அவ்வளவு மண் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்கிறது. அடிமட்டத்தை வைத்து அளந்தாலே போதும். எனக்குத் தெரிந்த அளவில், மண் அரிப்பை ஒருவருக்கு நம்ப வைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

என் காணியில் ஓடைகள் எதுவும் விழவில்லை. அப்படியானால் அரிப்பு இல்லைதானே?

ஓடை விழுவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே நிலம் முழுவதும் ஒரு மெல்லிய படையாகக் கழுவுப்படும். அது கண்ணுக்குப் படாது. அப்புறம் விரல் அகலத்தில் கீறல்கள் வரும். மண்வெட்டியால் கொத்திவிட்டால் மறைந்து போகும், எனவே யாரும் கவனிப்பதில்லை. அந்தக் கீறல்கள் ஒன்று சேர்ந்து, உழவு இயந்திரம் ஓட முடியாத அளவுக்கு ஆழமானால்தான் அதை ஓடை என்கிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மண் போனால் அது 4 கன மீற்றர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஒன்றரைக் கியூப். ஒன்றரைக் கியூப் மண்ணை யாராவது டிப்பரில் அள்ளிக்கொண்டு போனால் பொலிசுக்குப் போவோம். மழை அதே அளவை முழு ஏக்கரிலும் ஒரேபோல் வழித்துக்கொண்டு போகும்போது நமக்குத் தெரிவதே இல்லை. போவதும் வெறும் மண் அல்ல. இலேசான மக்கும், பசளை ஒட்டியிருக்கும் நுண்துகளும்தான் முதலில் கிளம்பும். பருமணலும் கல்லும் கடைசிவரை நிற்கும். சில காணிகளில் ஆண்டுக்காண்டு கல் கூடுவதுபோல் தெரிவதற்கும் இதுதான் காரணம்.

வயல் வேறு விதம். வரம்பு கட்டிச் சமப்படுத்திய வயல் மண்ணை இழப்பதைவிட அதிகமாகப் பிடித்து வைக்கிறது. தம்பலகாமத்து வயல்வெளியில் பயமில்லை. சேனையிலும் மேட்டுநிலப் பயிரிலும் புதிதாக டோசர் போட்ட காணியிலும்தான் பயம்.

போன மண் திரும்ப உருவாகாதா?

உருவாகும். ஆனால் நம் ஆயுளுக்குள் பயன்படும் வேகத்தில் அல்ல.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல ஆதாரம் இருக்கிறது. மேல் மகாவலிப் பகுதியில் ஆற்று மணலில் உள்ள படிகக்கல் துகள்களை எடுத்து ஆராய்ந்து, 2003 ஆம் ஆண்டு ஒரு ஆய்வு வெளிவந்தது. வானிலிருந்து ஓயாமல் விழும் அண்டக்கதிர்கள் நிலத்தின் மேல்மட்டத்தில் உள்ள படிகக்கல்லில் பெரிலியம்-10 என்னும் அணுவை மிகச் சிறிய அளவில் உண்டாக்குகின்றன. நிலம் மெதுவாகக் கரைந்தால் துகள் நெடுங்காலம் மேலே கிடந்து நிறையச் சேர்த்துக்கொள்ளும். வேகமாகக் கரைந்தால் கொஞ்சம்தான் சேரும். ஆகவே ஒரு பிடி மணலில் உள்ள பெரிலியம்-10 பல ஆயிரம் ஆண்டுகளின் சராசரி அரிப்பைச் சொல்லிவிடும்.

வந்த விடை: மனிதக் கை படாத நிலையில் அந்த மலைகள் ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 13 முதல் 30 தொன் வரைதான் இழந்து வந்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு 5 முதல் 11 மில்லிமீற்றர். அவ்வளவு செங்குத்தான சரிவு, அவ்வளவு மழை, இருந்தும் காடு அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. காடு வெட்டிப் பயிர் செய்த பிறகு அரிப்பு 10 முதல் 100 மடங்காகக் கூடியிருக்கிறது என்பது அதே ஆய்வின் முடிவு.

மேலே சொன்ன 1 மில்லிமீற்றரை இதோடு வைத்துப் பாருங்கள். அந்த மலைகளில் 1 மில்லிமீற்றர் போவதற்கு இயற்கை நூறு முதல் இருநூறு ஆண்டுவரை எடுத்துக்கொண்டது. நெடுங்காலப் போக்கில் மண் உருவாகும் வேகமும் ஏறத்தாழ அதுவேதான். இல்லாவிட்டால் அங்கே மண்ணே மிஞ்சியிருக்காது.

ஆயிரம் ஆண்டு சரி. என் தகப்பனார் காலத்திலிருந்து இன்றுவரை எவ்வளவு போனது என்று அறிய வழி உண்டா?

உண்டு. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெளியில் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது சீசியம்-137 உலகம் முழுவதும் மழையோடு வந்து இறங்கியது. 1963ஐ ஒட்டித்தான் மிக அதிகம். அது மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும், பாதியாகக் குறைய 30 ஆண்டு எடுக்கும். குழப்பப்படாத ஒரு நிலத்தில் இருக்கும் அளவையும் பயிர் நிலத்தில் இருக்கும் அளவையும் ஒப்பிட்டால், இடைப்பட்ட அறுபது சொச்சம் ஆண்டுகளில் போன மண்ணும் வந்து சேர்ந்த மண்ணும் தெரியும். தேய்ந்து கொண்டே போகும் அணு என்பதால் காலம் செல்லச் செல்ல இந்த முறை கடினமாகிறது.

மலையகத்தில் கழுவுப்படும் மண் எல்லாம் மூதூரில் வந்துதானே சேர்கிறது?

இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நியாயமான எண்ணம்தான். 335 கிலோமீற்றர் நீளமான ஆறு, நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கிலிருந்து நீர் சேர்த்து, கடைசியில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஆகவே மண்ணும் இங்கேதான் வரவேண்டும் என்று தோன்றும்.

மண் தண்ணீரைப்போல் நேரே வராது. சரிவின் அடியில் தங்கும், பள்ளத்தாக்கில் தங்கும், வெள்ளச் சமவெளியில் தங்கும். சில துகள்கள் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கும். ஆற்றுப் படுகை பெரிதாகப் பெரிதாக, மேலே கழுவுப்பட்டதில் வாய்க்கு வந்து சேரும் பங்கு குறைந்துகொண்டே போகும்.

இதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் உள்ள கூன் கிரீக். ஏறத்தாழ 360 சதுர கிலோமீற்றர் பரப்பு. 1920கள், 30களில் பயிர் நிலம் படுமோசமாகக் கரைந்தது. 1933இல் அந்த நாட்டின் முதலாவது நீரேந்துப் பிரதேச மண் பாதுகாப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கியது, அரிப்பும் வெகுவாகக் குறைந்தது. ஸ்டான்லி டிரிம்பிள் என்னும் புவியியலாளர் 1853 முதல் 1993 வரையான மண் கணக்கைப் போட்டுப் பார்த்தார். மேலே அரிப்பு உச்சத்தில் இருந்தபோதும் சரி, தணிந்த பிறகும் சரி, ஓடையின் வாயால் வெளியேறிய மண்ணின் அளவில் பெரிய மாற்றமே இல்லை. அரிப்பு கூடிய காலத்தில் மிகுதி மண் பள்ளத்தாக்கில் தங்கியது. பாதுகாப்பு வந்த பிறகு பழைய தங்கல் மெல்ல மெல்லக் கிளம்பி வந்தது.

ஆற்று முகத்தில் மட்டும் அளந்தவர், அந்த 140 ஆண்டும் மேலே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லியிருப்பார். மகாவலிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மலையகத்தில் இன்று மரம் நட்டால் அதன் பலன் நம் பக்கத்து ஆற்று நீரில் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதனால் நட்டது வீண் என்று ஆகிவிடாது.

மகாவலியில் இன்னொன்றும் உண்டு: அணைகள். பொல்கொல்லை 1976இல் வந்தது. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகலை, ரந்தம்பை என்று அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றும் மண்ணைப் பிடிக்கிறது. பொல்கொல்லை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் 40 வீதத்துக்கும் மேல் முதல் 12 ஆண்டுகளுக்குள்ளேயே வண்டலால் நிரம்பிவிட்டது. மேலே பாதுகாப்பு இல்லாமல் கீழே அணை கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மேலே மண் கரைவது கூடியிருக்கிறது, கீழே ஆற்றில் மணல் இல்லை என்கிறார்கள். இது எப்படி?

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். மேலே கரைவது பெரும்பாலும் நுண்மண்; அது கலங்கலாக வந்து வயலிலும் சதுப்பிலும் படியும். ஆற்றுப் படுக்கையையும் கடற்கரையையும் ஆக்குவது பருமணல். பருமணலை அணைகள் கிட்டத்தட்ட முழுவதுமாக நிறுத்திவிடுகின்றன. சுமையில்லாமல் வரும் தண்ணீர் தன் சொந்தப் படுக்கையையும் கரையையும் அரிக்கத் தொடங்கும். போதாக்குறைக்கு, மிஞ்சிய மணலைக் கிண்ணியா, மூதூர், வெருகல் பக்கம் அள்ளி ஏற்றுகிறோம்.

படுக்கை தாழ்ந்தால் கரையின் கால் வெறுமையாகும், அடுத்த வெள்ளத்தில் துண்டு துண்டாகச் சரியும். கோடையில் கடல்நீர் முன்னையைவிடத் தூரம் உள்ளே ஏறும். ஆற்றோரக் கிணறு உவர்க்கும். அனுமதிப்பத்திரத்தோடு அள்ளினாலும் ஆறு அதைப் பார்ப்பதில்லை. எவ்வளவு வந்து சேர்கிறதோ அதைவிடக் கூட அள்ளினால் படுக்கை தாழத்தான் செய்யும். மணல் அள்ளிப் பிழைக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இழப்பை அடைவதும் அதே கிராமங்கள்தான்.

இன்னொரு இயற்கைக் காரணமும் நமக்கென்றே இருக்கிறது. கொட்டியாரக் குடாவில் கரைக்கு அருகிலேயே ஒரு பெரிய ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. திருகோணமலைத் துறைமுகம் இவ்வளவு ஆழமாக இருப்பதற்கும் இந்த நில அமைப்புக்கும் தொடர்பு உண்டு. அதற்குள் இறங்கிய மணல் மீண்டும் எந்தக் கடற்கரைக்கும் வராது. ஆகவே வரும் மணலை வீணாக்க நமக்கு இடமில்லை.

மாரி முழுவதும் மழைதானே. எந்த மழை மோசம்?

முதல் மழைகள். ஒக்டோபரில் கச்சான் காற்று ஓய்ந்து இடியோடு பெய்கிறதே, அவை. அந்த நேரத்தில் நிலம் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கிறது. சேனை எரித்தாயிற்று, பெரும்போகத்துக்கு உழுதாயிற்று, விதை இன்னும் முளைக்கவில்லை. காய்ந்த கட்டிக்குள் தண்ணீர் சடுதியாகப் புகும்போது உள்ளே அடைபட்ட காற்று கட்டியை உடைத்துவிடும். மூடாக்கு இல்லை, மழையின் வேகமும் அதிகம். டிசம்பரில் அதே அளவு மழை பெய்தாலும் பயிரும் புல்லும் எழும்பி மண்ணை மூடியிருக்கும்.

ஓர் ஆண்டு முழுவதும் போகும் மண்ணில் பெரும்பங்கு ஒரு சில மழைகளிலேயே போய்விடுவது உலகெங்கும் கண்ட உண்மை. ஆண்டு மழைவீழ்ச்சி எவ்வளவு என்பதைவிட, வெறும் மண்ணில் எத்தனை கடும் மழை விழுந்தது என்பதுதான் கேள்வி.

புயல் வந்த ஆண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா, விட வேண்டுமா?

சேர்க்காமல் விட்டால் கணக்கே இல்லை. 1964 டிசம்பரில் ஒரு புயல் திருகோணமலையைத் தாக்கியது. 2020 டிசம்பர் 2 இரவு புரேவி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா வந்தபோது மலையகத்தில் மலைச்சரிவுகள், கீழே மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம். ஒரு மலைச்சரிவு ஒரே இரவில் இறக்கும் மண், அந்தச் சரிவு சாதாரண மழையில் பல நூறு ஆண்டுகளில் இழப்பதற்குச் சமமாகலாம்.

இங்கேதான் குறுங்கால அளவீட்டின் பலவீனம். இரண்டு, மூன்று ஆண்டு அளந்தால் பெரும்பாலும் புயல் மாட்டாது, எனவே அரிப்பைக் குறைத்துச் சொல்வோம். மாட்டிவிட்டால் கூட்டிச் சொல்வோம். பெரிலியம் போன்ற நெடுங்கால முறைகள் எல்லாப் புயலையும் சேர்த்தே சொல்லும், ஆனால் எந்த ஆண்டு என்ன நடந்தது என்று சொல்லாது. ஒன்று மற்றதற்கு மாற்று அல்ல.

எங்கள் ஊர்க் குளம் தூர்ந்து போகிறது. தூர் வாரினால் போதாதா?

வாருங்கள், ஆனால் வரும் வழியை அடைக்காமல் வாரினால் சில மாரிக்குள் அதே நிலைதான். பெக்கோ கொண்டுவந்து குளத்தின் வயிற்றைத் தோண்டுவதற்குக் காசு கிடைக்கும். குளத்துக்கு மேலே உள்ள புல்வெளியைக் காப்பாற்ற யாரும் காசு தருவதில்லை.

பழைய ஆட்கள் குளத்தைத் தனியாகக் கட்டவில்லை. மேலே மரக்கூட்டம், அதற்குக் கீழே புல் திட்டு, சில இடங்களில் வண்டலைப் பிடிக்கவே ஒரு சிறு குழி, அப்புறம்தான் குளம். மேல்குளத்தில் வான் பாய்ந்தால் கீழ்க்குளத்துக்குப் போகும். ஒவ்வொரு படியிலும் மண் கொஞ்சம் தங்கும். நூற்றாண்டுக் கணக்கில் குளங்கள் தாங்கியது இந்த ஏற்பாட்டால்தான். இன்று பல இடங்களில் அந்தப் புல் திட்டில் பயிர் வைத்துவிட்டோம், குளத்தின் விளிம்புவரை உழுகிறோம்.

கந்தளாய்க் குளத்தை எடுங்கள். குளக்கோட்டன் கோணேசர் கோயிலுக்காகக் கட்டியது என்பது நம் மரபு. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் காலத்தது என்பது வரலாற்று நூல்களின் கூற்று. எப்படிப் பார்த்தாலும் ஆயிரம் ஆண்டு தாண்டியது. அதன் கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண் கட்டுக்குள் நீர் வழி தேடிக்கொண்டால் உள்ளிருந்தே துகள் துகளாக அரிக்கும் என்பதை எல்லாக் குளத்துக் கட்டுகளுக்கும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கட்டின் பின்பக்கம் கசியும் நீர் தெளிவாக வந்தால் கவனியுங்கள். கலங்கலாக வந்தால் அன்றைக்கே கமநல சேவை நிலையத்துக்கோ நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ சொல்லுங்கள்.

நிலாவெளியில் எங்கள் வளவுக்கு முன்னால் கடற்கரை இருபதடி உள்ளே வந்துவிட்டது. இது நிரந்தரமா?

எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. வாடைக்காற்றுக் காலத்தில், நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை, வலிய அலைகள் மணலை வாரிக் கரைக்குச் சற்று வெளியே கடலுக்குள் கிடத்தும். கடல் அமைதியான மாதங்களில் சிறு அலைகள் அதே மணலை மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுவரும். ஜனவரியில் எடுத்த படத்தையும் ஆகஸ்டில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து "கடல் இவ்வளவு தின்றுவிட்டது" என்று பகிர்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அது ஊரைப் பயமுறுத்தும், உண்மையான அரிப்பு உள்ள இடத்திலிருந்து கவனத்தையும் திருப்பிவிடும்.

ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே தென்னையடியில் நின்று, அலை ஏறும் எல்லையையும் கொடி படரும் எல்லையையும் அளந்து எழுதுங்கள். ஐந்தாறு ஆண்டு தொடர்ந்து கொடியின் எல்லை பின்வாங்கினால் அது பருவ மாற்றம் அல்ல. அப்போது மணல் வரத்து எங்கேயோ குறைந்திருக்கிறது: ஆற்றில், பக்கத்துத் தடுப்புச் சுவரில், அல்லது அள்ளிய இடத்தில்.

சுவர் கட்டுவதற்கு அவசரப்படாதீர்கள். உங்கள் முன்னால் கல் அடுக்கினால் அலை பக்கத்து வளவைத் தின்னும், நாளடைவில் உங்கள் சுவருக்கு முன்னால் மணலே இருக்காது. அதுவும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் செய்ய முடியாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. அதற்குப் பதில் அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் வெட்டி எறியாமல் விடுங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்லி வைத்ததைக் கடற்கரையில் கண்ணால் காணலாம். அது படர்ந்த இடத்தில் மணல் மேடு கட்டும். கடலைப் பார்க்க மறைக்கிறது என்று விடுதிகள் அதை வழித்துத் துப்புரவாக்குவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

காற்றால் அரிப்பு இங்கே உண்டா?

உண்டு, ஆனால் மழையோடு ஒப்பிட்டால் சிறியது. கச்சான் வீசும் மாதங்களில் குச்சவெளிப் பக்கத்து மணல் வீதியை மூடும். பெரும்பாலும் இடம் மாறுகிறதே தவிர இழப்பு குறைவு.

புல்மோட்டை இல்மனைட் மணலுக்கும் மண் அரிப்புக்கும் தொடர்பு இருக்கிறதா?

அந்த மணலே அரிப்பின் விளைச்சல். நம் நாட்டின் பழைய உருமாறிய பாறைகளில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனியங்கள் சிறு அளவில் சிதறிக் கிடக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறை சிதைந்து, ஆறு சுமந்து, கடல் அலை புடைத்தது. இல்மனைட் சாதாரண படிக மணலைவிட ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு பாரம். எனவே அலை இலேசானதை இழுத்துச் செல்ல, பாரமானது கரையில் கறுப்பாகத் தங்கியது. அதே பகுதியில் அரிசிமலைக் கரையில் அரிசி மணிபோல் கிடக்கும் படிகக் கற்களும் அரிப்பு ஒதுக்கித் தந்தவைதான்.

சுவாமிமலையில் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு நிற்கும் பாறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுக்கு முன் இந்தப் பாறைகள் நிலத்துக்கு 20 கிலோமீற்றருக்கும் கீழே அழுத்தத்திலும் சூட்டிலும் உருமாறியவை. மேலே இருந்தது முழுவதும் அகன்றதால்தான் இன்று வெயிலில் நிற்கின்றன. நிலம் மேலெழுந்ததும் பிளந்ததும் அதில் பங்கு வகித்தன என்றாலும், முழுவதையும் அரிப்பின் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஆயிரம் ஆண்டுக்கு 36 மில்லிமீற்றர் வரும். பெரிலியம் சொன்ன 5 முதல் 11 மில்லிமீற்றரைவிட அது கூட. காரணம் எளிது. உயர்ந்த மலைகள் இருந்த காலத்தில் வேகமாகக் கரைந்தது, தேய்ந்த பிறகு மெதுவாகிவிட்டது. எந்தக் கால நீளத்தைத் தெரிவு செய்கிறோமோ அதற்கேற்ப விடையும் மாறும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். "அரிப்பு இயற்கைதானே, கோடி ஆண்டாக நடக்கிறதுதானே" என்பது நம் மேட்டுக்காணிக்குப் பதில் ஆகாது. இயற்கையின் வேகத்துக்கும் நம் வேகத்துக்கும் இடையில் இருப்பது அந்த 10 முதல் 100 மடங்கு.

பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு மண் இழப்புச் சூத்திரத்தைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். அமெரிக்காவில் விஷ்மையர், ஸ்மித் இருவரும் 1965இலும் 1978இலும் வெளியிட்ட சூத்திரம் அது. மழையின் வலு, மண்ணின் இயல்பு, சரிவின் நீளமும் சாய்வும், மூடாக்கு, பாதுகாப்பு முறை ஆகியவற்றைப் பெருக்கினால் ஆண்டு இழப்பு வரும். அதன் அடிப்படை 22.1 மீற்றர் நீளமும் 9 வீதச் சாய்வும் உள்ள சோதனைத் துண்டுகள். ஆகவே ஒரு சரிவுக்கு, நீண்டகாலச் சராசரிக்கு மட்டும் அதை நம்பலாம். ஓடைகளையும் ஆற்றங்கரை இடிவையும் அது பார்க்காது. கழுவுப்பட்ட மண் எங்கே படிந்தது என்றும் சொல்லாது. ஒரே ஒரு மழைக்கு அதைப் போட வேண்டாம்.

உவர்மலைச் சரிவில் ஒரு வளவையும் சாம்பல்தீவில் ஒரு தோட்டத்தையும் ஒப்பிட அது நல்ல கருவி. திருகோணமலை மாவட்டம் முழுவதற்கும் ஒரு எண் சொல்ல அது கருவி அல்ல.

என் காணியில் இந்த மாரிக்கு முன் என்ன செய்யலாம்?

மூடாக்குத்தான் முதல் வேலை. வைக்கோல், கிளிசரிடியா இலை, வெட்டிய புல், எதுவானாலும் சரி, ஒக்டோபருக்கு முன் மண்ணில் கிடக்க வேண்டும். துளியின் அடியை நிறுத்தினால் மீதி வேலை பாதியாகிவிடும். எரிக்க இருக்கும் சருகை எரிக்காதீர்கள்.

சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். நீளச் சரிவை இடையில் வெட்டிவேர் வரிசையோ கல் வரம்போ போட்டு நறுக்குங்கள். சரிவு நீளமாக நீளமாகத் தண்ணீர் வேகம் பிடிக்கும். மதகிலிருந்தும் வீதி வடிகாலிலிருந்தும் தண்ணீர் காணிக்குள் பாயும் இடத்தில் கல் பரப்புங்கள். நான் பார்த்த ஓடைகளில் பல அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன, பயிர் செய்தவரில் பிழையில்லை. புது வீதியின் தண்ணீரைக் கேட்பாரில்லாமல் உங்கள் காணிக்குள் திருப்பியிருந்தால் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுங்கள். மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலிருந்தே இருக்கிறது, 1996இல் திருத்தியும் இருக்கிறார்கள். கேட்பதற்கு உரிமை உண்டு.

செலவில்லாமல் நானே அளக்க முடியுமா?

முடியும். ஓரடிக் கம்பிகள் பத்து எடுங்கள். சரிவில் மேலிருந்து கீழாக வரிசையாக அடித்து, நிலத்துக்கு மேலே ஒவ்வொன்றிலும் அரை அடி விடுங்கள். கம்பியைச் சுற்றி மிதிக்காதீர்கள். மாரிக்கு முன் ஒரு முறை, தை பிறந்த பின் ஒரு முறை கம்பியின் உயரத்தை மில்லிமீற்றரில் எழுதுங்கள். கீழ்க் கம்பிகளில் மண் ஏறியிருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள், அதுதான் வழியில் தங்கிய மண். ஒரு கம்பியின் எண் எதையும் சொல்லாது. பத்தின் சராசரி, அதுவும் மூன்று மாரி தாண்டியது, ஏதாவது சொல்லும்.

வாய்க்கால் உள்ளவர்கள் கடும் மழையன்று ஒரு தெளிந்த போத்தலில் தண்ணீர் பிடித்து அப்படியே அசையாமல் வையுங்கள். அடியில் உடனே விழுவது மணல், சில மணி நேரத்தில் படிவது வண்டல், மறுநாளும் மிதப்பது களி. போத்தலில் திகதியையும், மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் பிடித்தது என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.